நியூயார்க்கை ஒன்பது முறை வென்ற பள்ளி ஆசிரியை!

ஒரு பெண் இருபத்தாறு மைல், அதாவது 42 கிலோ மீட்டர், நிற்காமல் ஓடினால் என்ன ஆகும்?

"கர்ப்பப்பை இறங்கிப் போயிடும்!"

"குழந்தையே பிறக்காது!"

"கால் ரெண்டும் ஆம்பிளைக் கால் மாதிரி ஆயிடும். மீசை கூட முளைக்கும்!"

இதெல்லாம் யாரோ பட்டிக்காட்டுப் பாட்டி சொன்னது என்று நினைத்துவிடாதீர்கள், சகோதரிகளே. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நன்றாகப் படித்தவர்கள், கோட்டும் சூட்டும் போட்ட விளையாட்டுச் சங்கத்துப் பெரிய மனிதர்கள், சில டாக்டர்கள் கூட, 1970 வரைக்கும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்! பெண்ணின் உடம்பு பூ மாதிரி, அதற்கு இவ்வளவு தூரம் தாங்காது என்பது அவர்கள் கட்சி.

இந்தக் கட்சியோடு வாதாடிப் பார்த்த பெண்கள் உண்டு. வாதாடாமல் ஓடியே காட்டிவிட்ட பெண்களும் உண்டு. ஓடிக் காட்டியவர்களில் முக்கியமானவர், நார்வே நாட்டைச் சேர்ந்த கிரேட்டே வைட்ஸ். ஒரு சாதாரணப் பள்ளிக்கூட டீச்சர். அதிர்ந்து பேசாதவர், கூட்டத்தைக் கண்டால் கூச்சப்படுகிறவர். அவருடைய கதையைப் படித்ததிலிருந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அண்ணன்மாரோடு ஓடிய தங்கை

நார்வேயின் தலைநகரமான ஆஸ்லோவில் 1953 அக்டோபர் 1ந் தேதி பிறந்தவள் கிரேட்டே. பிறந்த வீட்டுப் பெயர் ஆண்டர்சன். இரண்டு அண்ணன்களுக்குப் பிறகு பிறந்த ஒரே தங்கை. அண்ணன்மார் ஓடினால் தானும் ஓடுவாள், அவர்கள் குதித்தால் தானும் குதிப்பாள். ஆண் பிள்ளைகளுக்குச் சமமாக ஓடி ஓடியே கால் பழகிவிட்டது.

அக்கம்பக்கத்தில் ஈட்டி எறிவதில் பேர் வாங்கிய ஒருவர் இருந்தார். டெர்ஜே பெடர்சன் என்று பெயர். 1964ல் உலகத்திலேயே முதன்முதலாக 90 மீட்டருக்கு மேல் ஈட்டி எறிந்த மனிதர் அவர்தான். இந்தப் பெண் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து, விளையாட்டுக் கிளப்பில் சேரும்படி தூண்டியவரும் அவர்தான். 'விதார்' என்ற அந்தக் கிளப்பில்தான் கிரேட்டே முறையாக ஓடக் கற்றுக்கொண்டாள். பதினேழு வயதிலேயே 1,500 மீட்டர் ஓட்டத்தில் ஐரோப்பிய ஜூனியர் சாதனை செய்துவிட்டாள். அடுத்த வருஷம், 1972ல், மியூனிக் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டிக்கே போய்விட்டாள்!

அங்கே முதல் சுற்றைத் தாண்ட முடியவில்லை. பரவாயில்லை, பதினெட்டு வயதுப் பெண்தானே? ஆனால் அந்த 1,500 மீட்டர் பந்தயத்தில் ஒரு விசேஷம் இருந்தது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அவ்வளவு தூரம் ஓட அனுமதி கிடைத்தது அதுதான் முதல் தடவை. 'அவ்வளவு தூரம்' என்கிறேனே, ஒன்றரைக் கிலோ மீட்டர்தான்! நாம் காய்கறி வாங்கக் கடைத்தெருவுக்குப் போய் வருகிற தூரம்!

ஓடத் தடை!

ஏன் இப்படி? அந்தப் பழைய கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

1928ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதல் முறையாக 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த லினா ராட்கே ஜெயித்தார். வேகமாக ஓடி முடித்த பெண்கள் சிலர் மூச்சு வாங்கிப் புல்தரையில் படுத்துவிட்டார்கள். ஓடி முடித்த யாருக்குத்தான் மூச்சு வாங்காது? ஆனால் பத்திரிகைகளில், 'பெண்கள் சுருண்டு விழுந்தார்கள், பார்க்கவே பரிதாபம்' என்று கை, கால் வைத்து எழுதிவிட்டார்கள். அவ்வளவுதான். அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். 1960 வரை, முப்பத்திரண்டு வருஷம், ஒலிம்பிக்கில் பெண்கள் 200 மீட்டருக்கு மேல் ஓடவில்லை.

மாரத்தான் என்றால் கேட்கவே வேண்டாம். 1967ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மாரத்தானில் காத்ரின் ஸ்விட்சர் என்ற கல்லூரி மாணவி, 'கே.வி. ஸ்விட்சர்' என்று எழுத்துகளை மட்டும் போட்டுப் பேர் கொடுத்து ஓடினார். வழியில், ஓடுவது பெண் என்று தெரிந்ததும் போட்டி நிர்வாகி ஒருவர் பாய்ந்து வந்து, அவர் மேல் குத்தியிருந்த நம்பரைப் பிய்க்கப் பார்த்தார்! கூட ஓடிய ஆண் நண்பர் அந்த நிர்வாகியை இடித்துத் தள்ளிவிட, ஸ்விட்சர் ஓடி முடித்துவிட்டார். பாஸ்டனில் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது 1972ல்தான்.

அதே 1972ல் நியூயார்க்கில் இன்னொரு கூத்து. 'பெண்கள் ஓடலாம், ஆனால் ஆண்களோடு சேர்ந்து கிளம்பக் கூடாது. பத்து நிமிஷம் முன்னாலேயே கிளம்பிவிட வேண்டும்' என்று சட்டம் போட்டார்கள். ஓட வந்த ஆறு பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? துப்பாக்கி வெடித்ததும் எழுந்து ஓடவில்லை. அந்த இடத்திலேயே அட்டையைப் பிடித்துக்கொண்டு சத்தியாக்கிரகம் மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள். பத்து நிமிஷம் கழித்து ஆண்களுக்குத் துப்பாக்கி வெடித்தபோதுதான் எழுந்து ஓடினார்கள்!

இதைப் படித்தபோது என் பாட்டி ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் சோப்புப் பெட்டியும் எவர்சில்வர் டம்ளரும் பரிசு வாங்கி வந்தவள்தான் நானும். பெரியவளானதும், "இனிமே என்னடி ஓட்டம்? பொம்பளைப் பிள்ளை தங்குதங்குன்னு குதிச்சா கர்ப்பப்பை என்னத்துக்கு ஆகும்?" என்று பாட்டி ஒரே போடாகப் போட்டுவிட்டார். பாட்டி எங்கே, பாஸ்டன் எங்கே! ஆனாலும் பேச்சு ஒன்றாகத்தானே இருக்கிறது?

காலையில் ஓட்டம், பிறகு பாடம்

கிரேட்டே படித்து ஆசிரியை ஆனார். 1975ல் ஜாக் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு கிரேட்டே வைட்ஸ் ஆனார். (இனிமேல் 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும், டீச்சர் அல்லவா!)

நார்வேயில் குளிர் காலம் என்றால் சாதாரணமில்லை. காலை ஒன்பது மணிக்குத்தான் வெளிச்சமே வரும். ரோடெல்லாம் பனி. அந்த இருட்டிலே விடியற்காலம் எழுந்து ஓடிவிட்டு, குளித்துச் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போவார். நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து, சாயங்காலம் மறுபடியும் ஓட்டம்! உத்தியோகத்துக்குப் போகும் பெண்களுக்குத்தான் தெரியும், சாயங்காலம் வீடு திரும்பும்போது உடம்பு என்ன பாடுபடும் என்று.

இந்த உழைப்பு வீண் போகவில்லை. 1975ல் 3,000 மீட்டர் ஓட்டத்தில் 8 நிமிஷம் 46.6 விநாடியில் ஓடி உலக சாதனை. மறு வருஷம் 8 நிமிஷம் 45.4 விநாடியில் தன் சாதனையைத் தானே முறியடித்தார். ஆனால் விதியைப் பாருங்கள்! 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 3,000 மீட்டர் பந்தயமே கிடையாது. இவருக்குத் தூரம் கூடக் கூடத்தான் பலம். கடைசி நிமிஷத்தில் பாய்ந்து போகும் வேகம் குறைவு. வேறு வழியில்லாமல் 1,500 மீட்டரிலேயே ஓடி அரையிறுதியோடு திரும்பினார். உலகத்தில் யாரும் ஓடாத வேகத்தில் ஓடத் தெரிந்தும், ஓட ஒரு பந்தயம் இல்லை!

1978ல் கிளாஸ்கோ நகரில் உலகக் கிராஸ் கன்ட்ரி போட்டி நடந்தது. இது மைதானத்தில் ஓடுவதில்லை. மேடு, பள்ளம், சேறு, புல் எல்லாவற்றிலும் ஓட வேண்டும். இரண்டாவதாக வந்தவரை 30 விநாடி பின்னால் விட்டு கிரேட்டே முதலில் வந்தார். 1979, 80, 81, 83 என்று மொத்தம் ஐந்து தடவை இந்தப் பட்டத்தை வாங்கினார்.

தேனிலவுக்குப் போன இடத்தில்...

1978ல் அவருக்கு வயது 25. 'ஓடியது போதும், நிறுத்திவிடலாமா' என்ற யோசனை வந்துவிட்டது. அப்போது கணவர் ஜாக்தான் ஒரு யோசனை சொன்னார். "நியூயார்க் மாரத்தானுக்குக் கூப்பிட்டால் போய்விட்டு வரலாமே! ஊரையும் பார்த்த மாதிரி, இரண்டாவது தேனிலவு போன மாதிரியும் இருக்கும்!"

அந்த மாரத்தானை நடத்திவந்தவர் ஃப்ரெட் லெபோ. கிரேட்டே ஒரு மாரத்தான் கூட ஓடியதில்லை என்று தெரிந்ததும் அவர் முதலில் தயங்கினார். பிறகு, 'சரி, இந்தப் பெண் ஆரம்பத்தில் வேகமாக ஓடினால் மற்ற பெண்களும் வேகம் பிடிப்பார்கள். பாதியில் நின்றுவிட்டாலும் நஷ்டமில்லை' என்று கணக்குப் போட்டு டிக்கெட் அனுப்பினார். கணக்கு எப்படி, பார்த்தீர்களா?

அதுவரை கிரேட்டே ஒரே மூச்சில் 13 மைலுக்கு மேல் ஓடியதே கிடையாது. பந்தயத்துக்கு முதல் நாள் ராத்திரி தம்பதி இருவரும் ஜோராக ஹோட்டலுக்குப் போய், இறால், மாட்டிறைச்சி, திராட்சை மது, ஐஸ்கிரீம் என்று விருந்தே சாப்பிட்டார்கள். மாரத்தானுக்கு முன்னால் என்ன சாப்பிட வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

மறுநாள் ஓட்டம். முதலில் சுலபமாகத்தான் இருந்தது. இருபது மைல் நெருங்கியதும் தொடை இரண்டும் பிடித்துக்கொண்டது. தாகம் வேறு. வழியில் போட்டிருந்த பலகைகளில் தூரம் மைலில் எழுதியிருந்தது. கிலோ மீட்டரிலேயே பழகியவருக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்றே புரியவில்லை. பந்தயம் சென்ட்ரல் பார்க் என்ற பூங்காவில் முடியும் என்பது மட்டும் தெரியும். அதனால் நாலு மரம் சேர்ந்தாற்போல் கண்ணில் பட்டால், 'இதுதான் அந்தப் பார்க்கோ, முடிந்துவிட்டதோ' என்று ஆசைப்படுவார். இல்லை, இன்னும் ரோடு! மறுபடி மரம். மறுபடி ரோடு! இந்தக் கண்ணாமூச்சியிலேயே ஓடி முடித்தார்.

எல்லைக்கோட்டைத் தாண்டியதும் கணவரைக் கண்டுபிடித்து, காலில் கிடந்த ஷூவைக் கழற்றி அவர் மேலேயே வீசியெறிந்தார்! இனிமேல் இந்த முட்டாள்தனத்தை ஜென்மத்துக்கும் செய்ய மாட்டேன் என்று ஒரே கோபம்.

அவர் இங்கே கோபித்துக்கொண்டு நிற்க, அங்கே பத்திரிகைக்காரர்களுக்கு ஒரே குழப்பம். முதலில் வந்த பெண் யார்? அவர் மார்பில் இருந்த நம்பர் 1173. கையிலிருந்த பட்டியலில் அந்த நம்பரே இல்லை! விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. 2 மணி 32 நிமிஷம் 30 விநாடி! முந்தைய உலக சாதனையை இரண்டு நிமிஷத்துக்கும் மேல் முறியடித்துவிட்டார். விளையாட்டாக வந்த ஒரு நார்வே டீச்சர், உலகத்திலேயே வேகமான மாரத்தான் வீராங்கனை ஆகிவிட்டார்!

ஷூவை வீசியவர் அடுத்த வருஷமும் வந்தார். 1979ல் 2 மணி 27 நிமிஷம் 33 விநாடி. இரண்டரை மணி நேரத்துக்குள் மாரத்தான் ஓடி முடித்த முதல் பெண் என்ற பெருமை சேர்ந்தது. 1980ல் 2 மணி 25 நிமிஷம் 42 விநாடி. அப்புறம் 1982லிருந்து 86 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து, கடைசியாக 1988ல். ஆக மொத்தம் நியூயார்க்கில் ஒன்பது வெற்றி! ஆணோ பெண்ணோ, அங்கே இன்றுவரை யாரும் இதைத் தொடவில்லை.

எப்போதும் வெற்றி கிடைத்ததா?

இல்லை! அதையும் சொன்னால்தான் கதை முழுசாகும்.

1981ல் நியூயார்க்கில் கால் வலி தாங்காமல் பாதியில் நின்றார். 1982ல் பாஸ்டனில் முதலில் ஓடிக்கொண்டிருந்தவர், இன்னும் மூன்று மைல்தான் பாக்கி என்னும்போது தொடை பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

1983 ஏப்ரல் 17ந் தேதி லண்டனில் 2 மணி 25 நிமிஷம் 29 விநாடி என்று மறுபடி உலக சாதனைக் கணக்கை எட்டினார். அந்தப் பெருமை எத்தனை நாள் நிலைத்தது? ஒரே ஒரு நாள்! மறுநாளே பாஸ்டனில் ஜோன் பெனாய்ட் என்ற அமெரிக்கப் பெண் 2 மணி 22 நிமிஷம் 43 விநாடியில் ஓடி அதைத் தாண்டிவிட்டார். ஆனால் கிரேட்டே ஓட்டத்தை விடவில்லை. அதே ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் முதல் முறையாக நடந்த உலகத் தடகளப் போட்டியில், மாரத்தான் தங்கத்தை மூன்று நிமிஷ வித்தியாசத்தில் வாங்கினார்.

பிறகு வந்தது 1984. இத்தனை பெண்கள் இத்தனை ஊரில் ஓடிக் காட்டிய பிறகு, ஒலிம்பிக்காரர்களுக்கு இனி மறுக்க வழியில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதல் முறையாக மாரத்தான் வைத்தார்கள். ஆகஸ்ட் 5ந் தேதி ஐம்பது பெண்கள் புறப்பட்டார்கள். கிரேட்டேக்கு முதல் நாள்தான் முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது மைலிலேயே ஜோன் பெனாய்ட் தனியாகப் பிரிந்து முன்னால் போனார். முழங்காலில் ஆபரேஷன் ஆகி நாலு மாசம் கூட ஆகாத பெண் அவர்! மற்றவர்கள், 'வெயிலில் களைத்து எப்படியும் பின்னால் வருவாள்' என்று விட்டுவிட்டார்கள். அவர் வரவேயில்லை. 2 மணி 24 நிமிஷம் 52 விநாடியில் தங்கம் அவருக்கு. 2 மணி 26 நிமிஷம் 18 விநாடியில் கிரேட்டேக்கு வெள்ளி. போர்ச்சுகல் நாட்டு ரோசா மோட்டாவுக்கு வெண்கலம்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. ஸ்விட்சர்லாந்துக்காக ஓடிய காப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் என்ற 39 வயதுப் பெண்மணி வெயிலில் தண்ணீர்ச் சத்து வற்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, தள்ளாடித் தள்ளாடி ஸ்டேடியத்துக்குள் வந்தார். கடைசிச் சுற்று ஒன்றுக்கே ஐந்தே முக்கால் நிமிஷம் ஆயிற்று. யாரும் தொட்டால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்பதால் டாக்டர்களை விலக்கிக்கொண்டே நடந்து, எல்லைக்கோட்டில் விழுந்தார். சில மணி நேரத்தில் தேறிவிட்டார். 1928ல் நாலு பேர் புல்லில் படுத்ததற்கே பந்தயத்தை நிறுத்தினவர்கள், இந்தத் தடவை நிறுத்தவில்லை. உலகம் அத்தனை தூரம் மாறியிருந்தது! வெயிலில் ஓடி ஆண்கள் விழுந்தபோது, 'ஆண்களுக்கு மாரத்தான் ஆகாது' என்று யாராவது சொன்னார்களா என்ன?

கிரேட்டேக்கு ஒலிம்பிக் தங்கம் கடைசிவரை கிடைக்கவில்லை. 1988ல் சியோலுக்குப் போனபோது முழங்கால் ஆபரேஷன் ஆகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பாதிக்கு மேல் ஓடி, முடியாமல் நின்றார். அத்தோடு மூட்டை கட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வருஷமே நவம்பரில் நியூயார்க் வந்து ஒன்பதாவது வெற்றியைப் பெற்றார்.

ஐந்தரை மணி நேர மாரத்தான்

கிரேட்டேயின் ஓட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், சாதனை ஓட்டம் எதையும் சொல்ல மாட்டேன்.

அவரை முதன்முதலில் அழைத்த ஃப்ரெட் லெபோவுக்கு 1990ல் மூளையில் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்குப் பிறகு, தான் வளர்த்த நியூயார்க் மாரத்தானை முழுசாக ஓட வேண்டும் என்று அவருக்கு ஆசை. 1992 நவம்பர் 1ந் தேதி, அறுபது வயதில் ஓடினார். பக்கத்திலேயே துணைக்கு ஓடியவர் கிரேட்டே. இரண்டரை மணியில் முடிக்கத் தெரிந்தவர், நோயாளி நண்பரின் வேகத்துக்குத் தன் காலைக் கட்டிப் போட்டுக்கொண்டு, 5 மணி 32 நிமிஷம் 34 விநாடி கூடவே வந்தார். கைகோர்த்துக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டும்போது இருவர் கண்ணிலும் நீர். இரண்டு வருஷத்தில் லெபோ காலமானார்.

எல்லாப் பெண்களும் வரலாம்!

சாதித்தவர்கள் பலர் கோப்பைகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கிரேட்டே அப்படிச் செய்யவில்லை. 1984லிருந்து 2004 வரை ஆஸ்லோவில் அவர் பேரிலேயே பெண்களுக்காக மட்டும் ஐந்து கிலோ மீட்டர் ஓட்டம் நடந்தது. வேகம் முக்கியமில்லை. ஓட முடிந்தவர்கள் ஓடலாம், முடியாதவர்கள் நடக்கலாம். பாட்டி, அம்மா, பேத்தி என்று குடும்பத்தோடு வந்தார்கள். ஆரம்பத்தில் சில ஆயிரம் பேர். போகப் போக நாற்பதாயிரத்துக்கும் மேல்! பெண் ஓடினால் என்ன ஆகுமோ என்று பயந்த உலகத்தில், ஒரே நாளில் இத்தனை பெண்கள் தெருவில்!

2005ல் கிரேட்டேக்கே புற்றுநோய் வந்தது. எந்த வகைப் புற்றுநோய் என்பதைக் கூட வெளியே சொல்லி அனுதாபம் தேடவில்லை. சிகிச்சைக்கு நடுவிலேயும் முடிந்த மட்டும் உடற்பயிற்சி செய்தார். அதனால் மனசுக்கும் உடம்புக்கும் கிடைத்த தெம்பைக் கண்டு, மற்ற நோயாளிகளுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று 2007ல் 'ஆக்டிவ் மோட் கிரெஃப்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 'புற்றுநோய்க்கு எதிராகச் சுறுசுறுப்பாக' என்று அர்த்தம். நார்வேயின் ஆஸ்பத்திரிகளில் புற்றுநோயாளிகளுக்காகவே உடற்பயிற்சி நிலையங்கள் வைக்க அது உதவுகிறது. அந்த நிலையத்துக்கு 'பூஸ்தெரோம்' என்று பெயர். மூச்சு விட்டுக்கொள்ளும் அறை என்று பொருளாம். என்ன அழகான பெயர்!

2011 ஏப்ரல் 19ந் தேதி, 57வது வயதில் கிரேட்டே காலமானார். ஆஸ்லோவின் பிஸ்லெட் ஸ்டேடியத்துக்கு வெளியே அவர் ஓடுகிற மாதிரி ஒரு சிலை நிற்கிறது. இன்றைக்கு எத்தியோப்பியா, கென்யா நாட்டுப் பெண்கள் இரண்டேகால் மணிக்கும் குறைவாக மாரத்தான் ஓடுகிறார்கள். அந்தப் பாதையை மிதித்து மிதித்துத் தடம் போட்டவர்களில் ஒருவர் இந்த டீச்சர்.

நமக்கு என்ன சேதி?

"எல்லாம் சரி, நாற்பது வயசுக்கு மேலே என்னை மாரத்தான் ஓடச் சொல்றீங்களா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஐயோ, இல்லை! நடந்தால் போதும். "வீட்டு வேலையே போதாதா?" என்றும் சிலர் கேட்பார்கள். அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடப்பதில் அலுப்பு உண்டு, ஆனால் நின்று நின்று நடப்பதால் இருதயமும் நுரையீரலும் தொடர்ந்து வேலை செய்வதில்லை. தனியாக நடப்பது அவசியம்.

1. வாரத்துக்கு 150 நிமிஷம் சுறுசுறுப்பான நடை வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தினம் அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்!

2. ஆரம்பத்தில் பத்து நிமிஷம் போதும். வாரா வாரம் ஐந்து நிமிஷம் கூட்டுங்கள். முதல் நாளே அரை மணி நடந்து, மறுநாள் கால் வீங்கி உட்காராதீர்கள்.

3. ரப்பர் செருப்போடு நடக்காதீர்கள். கால் அளவுக்குப் பொருந்திய ஷூ வாங்கிக்கொள்ளுங்கள். புடவையோடு ஷூ போட்டால் சிரிப்பார்களே என்று கூச்சம் வேண்டாம். முழங்கால் வலித்தால் சிரித்தவர்களா வந்து தைலம் தடவப் போகிறார்கள்?

4. மாதவிலக்கு நிற்கும் வயதில் எலும்பு பலம் குறையத் தொடங்கும். நடை எலும்புக்கு நல்லது. வாரத்தில் இரண்டு நாள், உட்கார்ந்து எழுவது, சுவரைப் பிடித்துத் தள்ளுவது போன்ற தசைப் பயிற்சியும் சேர்த்தால் இன்னும் நல்லது.

5. நடப்பதாலும் ஓடுவதாலும் ஆரோக்கியமான பெண்ணுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிடாது. பிரசவத்தில் அடிவயிற்றுத் தசைகள் தளர்வது, தீராத இருமல், மலச்சிக்கல், அதிக பாரம் தூக்குவது ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். பிரசவமாகிச் சில மாதமே ஆனவர்கள், கீழே ஏதோ இறங்குவது போல் கனம் தோன்றுபவர்கள், சிறுநீர் கசிபவர்கள் முதலில் பெண் மருத்துவரிடம் காட்டிவிட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

6. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இருதயக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டே ஆரம்பிக்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

7. இது மிக முக்கியம். வீட்டில் வளர்கிற பெண் குழந்தை ஓட ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். பெரியவளாகிவிட்டாள் என்பது ஓட்டத்தை நிறுத்தக் காரணமே இல்லை. பாலும் கீரையும் பேரீச்சம் பழமும் கொடுத்து, ரத்த சோகை வராமல் பார்த்துக்கொண்டு, ஒரு நல்ல ஷூவும் வாங்கிக் கொடுங்கள்.

நான் கூட ஆறு மாசமாக மொட்டை மாடியில் நடந்து வருகிறேன். "யாருக்காகம்மா இந்த நடை?" என்று எதிர்வீட்டு மாமி கேட்டார். "எனக்காகத்தான் மாமி!" என்றேன். இப்போது சாயங்காலம் ஐந்தரை மணியானால் அவரே வந்து கதவைத் தட்டுகிறார்!